செவிலியர் குறிப்பும் ஊரின் உடல்நிலையும்

மக்கள் நலத்தை ஆராய்கிறவர்கள் எந்தத் தரவைக் கையில் எடுக்கிறார்கள்? நோய்க் குறியீடு, மருந்துச் சீட்டு, ஆய்வகச் சோதனை முடிவு, காப்பீட்டுக் கணக்கு, இறப்புச் சான்றிதழ். இவற்றை வைத்துத்தான் ஒரு மாவட்டத்தில் சர்க்கரை நோய் எவ்வளவு, மாரடைப்பு எவ்வளவு என்று சொல்கிறோம். நோயாளியின் பக்கத்தில் இரவும் பகலும் நிற்கிற செவிலியர் எழுதுவது இந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. டியூட்டி முடியும்போது அவர் ரிப்போர்ட் புக்கில் எழுதி, அடுத்த ஷிப்டுக்கு ஒப்படைத்துவிட்டுப் போகிறார். நோயாளி வீடு திரும்பியதும் கேஸ் ஷீட் கட்டு ஆவண அறைக்குப் போகிறது. வழக்கு ஏதாவது வந்தாலொழிய அதை யாரும் திறந்து படிப்பதில்லை. அந்த எழுத்தை ஒரே சீரான முறைக்குக் கொண்டுவந்து, மக்கள் நல ஆய்வின் முதல்தரச் சான்றாக ஆக்க வேண்டும் என்பதே நான் இன்று உங்கள் முன் வைக்கும் கருத்து.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். செவிலியர் தரவு என்றதும் பலருக்கு 1976-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'செவிலியர் உடல்நல ஆய்வு' நினைவுக்கு வரும். 1,21,700 செவிலியர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த மாபெரும் ஆய்வு அது. ஆனால் அதில் செவிலியர்கள் தங்கள் உடல்நிலையைப் பற்றிக் கேள்வித்தாளுக்குப் பதில் எழுதியவர்கள். நான் பேசுவது, செவிலியர் தம் தொழிலின் பகுதியாகப் பிறரைக் கண்டு, தொட்டு, விசாரித்து எழுதுகிற குறிப்பைப் பற்றி.

அந்தக் குறிப்பில் என்ன இருக்கிறது? வார்டில் என்றால், இரவு தூங்கினாரா, சாப்பாட்டில் பாதியை ஒதுக்கிவைத்தாரா, இடுப்பெலும்பு மேல் தோல் சிவந்திருக்கிறதா, கூட இருந்து பார்க்க ஆள் உண்டா. வீட்டுக்குப் போனால், கூரை ஒழுகுகிறதா, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, மாத்திரை அட்டையில் எத்தனை மீதி இருக்கிறது, மருமகளோடு பேச்சு வார்த்தை உண்டா. சர்க்கரை நோய்க்குரிய குறியீடு எல்லாருக்கும் ஒன்றுதான். தனியாக வாழும் மூதாட்டிக்கும், கார் வைத்திருக்கும் அதிகாரிக்கும் அதே எழுத்து, அதே எண். இந்த இருவரில் யார் காலை இழப்பார் என்பதைக் குறியீடு சொல்லாது. வீட்டுக்குப் போய்வந்த செவிலியருக்குப் பெரும்பாலும் தெரியும். தெரிந்ததை அவர் எழுதியும் இருப்பார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவதால் நூறு பேர் எழுதியதைக் கூட்டிப் பார்க்க முடியவில்லை.

இதே போன்ற குறையை முன்பே கண்டுகொண்டவர் நம் தொழிலின் முன்னோடியே. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலைக் கைவிளக்கோடு படம் போட்டு வைத்திருக்கிறோம். அவர் 1858-இல் லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரானவர் என்பதையும் அந்தப் படத்துக்குக் கீழே எழுதிவைக்க வேண்டும். 1860-இல் லண்டனில் நடந்த அனைத்துலகப் புள்ளியியல் மாநாட்டுக்கு, எல்லா மருத்துவமனைகளும் ஒரே படிவத்தில், ஒரே நோய்ப் பெயர்ப் பட்டியலைக் கொண்டு கணக்கு எழுத வேண்டும் என்ற திட்டத்தை அவர் அளித்தார். சில மருத்துவமனைகள் ஏற்றும் கொண்டன. ஆனால் அது நீடிக்கவில்லை. படிவம் நீளமாக இருந்தது. நிரப்புவதற்கு ஆளும் பணமும் நேரமும் வேண்டியிருந்தது. இந்தத் தோல்வியை நாம் மறக்கக் கூடாது. பின்னால் இதற்குத் திரும்ப வருவேன்.

அதே ஆண்டுகளில் அவர் செய்த இன்னொரு வேலை நம் மண்ணோடு நேரடியாகத் தொடர்புடையது. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையின் சுகாதார நிலையை ஆராய 1859-இல் அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராத நைட்டிங்கேல், ஒவ்வொரு படை நிலையத்துக்கும் அனுப்பவேண்டிய கேள்விப் படிவத்தைத் தயாரித்தார். குடிதண்ணீர், சாக்கடை, படுக்கை இடம், உணவு என்று ஒவ்வொன்றுக்கும் எல்லா ஊருக்கும் ஒரே கேள்விகள். வந்து சேர்ந்த பதில்களிலிருந்து தெரிந்தது, படைவீரர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறக்கிறார்கள் என்பது. போரில் இறந்தவர்களைவிட அழுக்குத் தண்ணீராலும் நெரிசலாலும் இறந்தவர்கள் மிகப் பலர். 1863-இல் அறிக்கை வெளியாயிற்று. 1864-இல் வங்காளம், சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் அமைந்தன. 1873-இல் எழுதிய கட்டுரையில் அந்த 69 என்பது 18 ஆகக் குறைந்திருப்பதாக அவர் கணக்குக் காட்டினார். எங்கோ ஒரு படுக்கையறையில் உட்கார்ந்து ஒரு செவிலியர் இதைச் சாதித்தார் என்றால், அவர் கையிலிருந்தது ஒரே மாதிரியான கேள்வியும் ஒரே மாதிரியான பதிலும்தான்.

அதற்குப் பிறகு நூறாண்டுக்கு மேல் செவிலியர் எழுத்து சிதறியே கிடந்தது. 1970-களில் அமெரிக்காவில் மறுபடி முயற்சிகள் எழுந்தன. 1973-இல் செயின்ட் லூயிஸ் நகரில் செவிலியர்கள் கூடிச் 'செவிலிய நோயறிதல்'களைப் பட்டியலிடத் தொடங்கினார்கள். 1985-இல் ஹாரியட் வெர்லியும் நார்மா லாங்கும் முன்னின்று, எந்த நோயாளியைப் பற்றியும் கட்டாயம் இருக்க வேண்டிய 16 தகவல்களைக் கொண்ட 'குறைந்தபட்சத் தரவுத் தொகுப்பு' ஒன்றை வகுத்தார்கள். எனக்கு இவற்றிலெல்லாம் நெருக்கமானது, நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரின் வீட்டு வருகைச் செவிலியர் சங்கத்தில் பிறந்த 'ஒமாஹா முறை'. கல்லூரியில் உட்கார்ந்து உருவாக்கிய கோட்பாடாக அது தொடங்கவில்லை. வீடு வீடாகப் போய்வந்த செவிலியர்கள் தாங்கள் ஏற்கெனவே எழுதிவைத்திருந்த பதிவுகளை அலசி, அவற்றுக்குள்ளிருந்தே சொற்களை எடுத்தார்கள். கேரன் மார்ட்டின் அந்தப் பணியைப் பல ஆண்டுகள் நடத்திச் சென்றார்.

அதன் அமைப்பு எளிது. பிரச்சினைகள் 42. சூழல், மனமும் சமூகமும், உடல், உடல்நலப் பழக்கங்கள் என நான்கு தொகுதிகள். வருமானம், கழிவுத் தூய்மை, குடியிருப்பு, அக்கம்பக்கத்துப் பாதுகாப்பு என்பவை முதல் தொகுதியிலேயே வருகின்றன. கவனியுங்கள்: ரத்த ஓட்டத்துக்கும் தோலுக்கும் கொடுத்த அதே இடத்தை வருமானத்துக்கும் கொடுத்திருக்கிறார்கள். செவிலியர் செய்யும் வேலையும் நான்கே வகை. கற்றுக்கொடுத்து வழிகாட்டுவது, சிகிச்சை செய்வது, தேவையானவரோடு இணைத்துவிடுவது, கண்காணிப்பது. பிறகு ஒவ்வொரு பிரச்சினைக்கும் மூன்று மதிப்பெண்கள்: இதைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரியும், எப்படி நடந்துகொள்கிறார், இப்போது நிலைமை என்ன. ஒவ்வொன்றும் 1 முதல் 5 வரை. 5 என்றால் மிக நன்று. ஒரு தனி மனிதருக்கும் இதை எழுதலாம், குடும்பத்துக்கும் எழுதலாம், ஒரு சமுதாயம் முழுவதற்கும் எழுதலாம். இதற்குக் காப்புரிமைக் கட்டணம் கிடையாது. எந்த நாட்டுச் செவிலியரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கற்பனை வீடுதான், ஆனால் களப்பணி செய்த எவருக்கும் பழக்கமான வீடு. அறுபது வயது தாண்டிய அம்மா, தனியாக இருக்கிறார், தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துச் சீட்டில் 'மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை' என்று எழுதியிருக்கிறது. செவிலியர் வீட்டுக்குப் போய், "எப்படிம்மா போட்டுக்கிறீங்க, காட்டுங்க" என்று கேட்கிறார். அந்த அம்மா அளவு தப்பாமல் சிரிஞ்சில் எடுத்துக் காட்டுகிறார். சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்னால் போட வேண்டும் என்பதும் தெரிகிறது. ஆனால் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. குப்பி பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் விடியற்காலையில் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். காலை ஊசி தவறுகிறது.

ஒமாஹா முறையில் இது இப்படிப் பதிவாகும்: பிரச்சினை, மருந்து முறை. அறிவு 4, நடத்தை 2, நிலை 2. கூடவே வருமானம் ஒரு பிரச்சினை, சமூகத் தொடர்பு ஒரு பிரச்சினை. செய்ய வேண்டியது கற்றுக்கொடுப்பது அல்ல என்பது அந்த மூன்று எண்களிலேயே தெரிந்துவிடுகிறது. குப்பியை வீட்டிலேயே வைக்க ஈர மணலில் மண்பானை ஏற்பாடு செய்து, அது சரிவருகிறதா என்று இரண்டு முறை வந்து பார்க்க வேண்டும். முதலாவது இணைத்துவிடும் வேலை, இரண்டாவது கண்காணிப்பு.

இப்போது இதே முறையில் ஒரு வட்டாரத்தின் நானூறு சர்க்கரை நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோருக்கு அறிவு 4, நடத்தை 2 என்று வந்தால், விழிப்புணர்வு முகாமுக்குச் செலவழிக்கும் பணம் வீண் என்று பொருள். தடை வேறு எங்கோ இருக்கிறது. அறிவு 2, நடத்தை 2 என்றால் முகாம் தேவை. ஒரு கிராமத்தில் அறிவு குறைவு, அடுத்த கிராமத்தில் வருமானப் பிரச்சினை அதிகம் என்றால், இரண்டுக்கும் ஒரே திட்டத்தை அனுப்பக் கூடாது. ரத்தச் சர்க்கரை எண்கள் எத்தனை லட்சம் சேர்ந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் தராது. சர்க்கரை கூடியிருக்கிறது என்றுதான் சொல்லும், ஏன் என்று சொல்லாது. தரப்படுத்திய செவிலியர் தரவின் ஆய்வு மதிப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பல மாவட்டப் பொதுச் சுகாதாரத் துறைகள், கர்ப்பிணிகளையும் கைக்குழந்தை உள்ள தாய்மார்களையும் வீட்டில் போய்ப் பார்க்கும் செவிலியரின் பதிவுகளை இம்முறையில் வைத்திருக்கின்றன. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கேரன் மான்சன் போன்ற செவிலியர் ஆய்வாளர்கள் அவற்றைக் கொண்டு எந்தக் குடும்பத்துக்கு எந்தப் பணி பலன் தந்தது என்று பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார்கள்.

இதெல்லாம் பணக்கார நாட்டுக் கதை என்று யாராவது நினைத்தால், வேலூருக்குப் பக்கத்திலுள்ள கணியம்பாடி வட்டாரத்தைப் பார்க்கச் சொல்வேன். கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத் துறை அங்கே பல பத்தாண்டுகளாகக் குடும்பம் குடும்பமாகப் பதிவு வைத்திருக்கிறது. ஊரிலேயே வாழும் பகுதிநேரச் சுகாதாரப் பணியாளர், அவருக்கு மேல் சுகாதார உதவியாளர், அவருக்கு மேல் சமுதாயச் செவிலியர், அவருக்கு மேல் மருத்துவர் என நான்கு அடுக்கு. பிறப்பும் இறப்பும் ஒவ்வொரு அடுக்கிலும் சரிபார்க்கப்படும். இறப்புக்குக் காரணம் என்ன என்பதை வீட்டாரிடம் நேரில் விசாரித்து, முறைப்படி எழுதுவார்கள்.

1994 முதல் 1999 வரையிலான அந்தப் பதிவுகளை வைத்து எழுதிய கட்டுரை 2003-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. 1,08,000 பேர் வாழும் அந்த வட்டாரத்தில் தற்கொலை இறப்பு லட்சத்துக்கு 95.2. அப்போது நாட்டின் அதிகாரபூர்வக் கணக்கு லட்சத்துக்கு 11-ஐ ஒட்டித்தான் இருந்தது. மறு ஆண்டு லான்செட் இதழில் வந்த கட்டுரை இன்னும் கலங்க வைத்தது. 10 முதல் 19 வயது வரை உள்ள பெண்பிள்ளைகளில் லட்சத்துக்கு 148, ஆண்பிள்ளைகளில் 58. காவல் நிலையப் பதிவேட்டை மட்டும் பார்த்திருந்தால் இந்தப் பிள்ளைகளில் பலர் கணக்கில் வந்திருக்க மாட்டார்கள். வழக்குக்கும் ஊர்ப் பேச்சுக்கும் பயந்து வீட்டார் வேறு காரணம் சொல்லிவிடுவார்கள். மாதாமாதம் வீட்டுக்கு வந்துபோகிற, தெரிந்த முகத்திடம் உண்மையைச் சொன்னார்கள். மனநலம் பற்றி நம்மை யோசிக்க வைக்கும் எண்கள் இவை. களத்தில் இருந்தவர்கள் கேட்டு எழுதியதால் கிடைத்தவை.

கணியம்பாடியில் பயன்பட்டது ஒமாஹா முறை இல்லை. அவர்களே வகுத்துக்கொண்ட படிவம். ஆனால் ஆய்வுக்கு வேண்டியவை அங்கே இருந்தன. எல்லாரும் ஒரே வரையறையில் எழுதினார்கள். மேலே உள்ளவர் சரிபார்த்தார். மொத்தம் எத்தனை பேர் என்ற வகுக்கும் எண் கையில் இருந்தது. இந்த மூன்றாவதை நம் மாணவர்கள் அழுத்தமாக மனத்தில் வைக்க வேண்டும். ஆஸ்பத்திரித் தரவு வந்தவர்களை மட்டுமே எண்ணும். வராதவர்களை எண்ண வீட்டு வாசலுக்குப் போயாக வேண்டும்.

மருத்துவமனைக்குள்ளும் செவிலியர் தரவு பயன்படாமல் இல்லை. பெல்ஜியத்தில் 1988 முதல் எல்லா மருத்துவமனைகளும் செவிலியர் செய்த பணிகளை ஒரே பட்டியலில் பதிந்து அரசுக்கு அனுப்புவது கட்டாயம். 2008-இல் அதைத் திருத்தி விரிவாக்கினார்கள். அதில் உழைத்த வால்டர் செர்மியஸும் அமெரிக்காவின் லிண்டா எய்க்கனும் சேர்ந்து ஐரோப்பாவில் நடத்திய ஆய்வு 2014-இல் லான்செட்டில் வந்தது. 9 நாடுகள், 300 மருத்துவமனைகள், 4,22,730 அறுவைச் சிகிச்சை நோயாளிகள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்கிறது. ஆள் போதவில்லை என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவந்ததை, அமைச்சரும் நிதித்துறையும் மறுக்க முடியாதபடி அந்த எண் சொல்லிவிட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் தரவு குறைவு என்று சொல்ல முடியாது. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற கணக்கில் கிராம சுகாதார செவிலியர்கள் பணியாற்றுகிறார்கள். கர்ப்பிணியின் பெயரைப் பதிந்து ஆர்.சி.எச். எண் வாங்குவது இன்று எல்லாக் குடும்பத்துக்கும் தெரிந்த நடைமுறை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டு வாசலிலேயே அளக்கிறது. இது பெருமைப்பட வேண்டிய விஷயம். என் வருத்தம் வேறு. நம் படிவங்கள் பெரும்பாலும் திட்டத்துக்கு என்ன தெரிய வேண்டுமோ அதைத்தான் கேட்கின்றன. ஊசி போட்டாயிற்றா, மாத்திரை கொடுத்தாயிற்றா, இலக்கு எத்தனை, முடித்தது எத்தனை. செவிலியர் அந்த வீட்டில் எதைக் கண்டார் என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை.

இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். எழுதுகிற சுமை. பகலெல்லாம் கிராமம் சுற்றிவிட்டு, மாலையில் பதிவேட்டில் எழுதியதையே மறுபடி போனில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தங்கைகளை எனக்குத் தெரியும். அவர்களிடம் இன்னொரு படிவத்தை நீட்டினால் அது நியாயமாகாது; தரவும் பொய்யாகும். நேரமில்லாத கை எல்லாக் கட்டத்திலும் 3 என்று போட்டுவிட்டுப் போகும். நைட்டிங்கேலின் திட்டம் எங்கே சறுக்கியது என்பதைச் சொன்னேன். ஆகவே புதிதாக ஒன்று எழுதச் சொல்வதற்கு முன், பழைய இரண்டை எடுத்துவிட வேண்டும். எழுதியதன் பலன் எழுதியவருக்கே திரும்ப வரவும் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, "உங்கள் ஊரில் இந்தப் பிரச்சினை கூடியிருக்கிறது, இது குறைந்திருக்கிறது" என்று ஒரு பக்கத் தாள் அவர் கைக்கு வந்தால், அடுத்த முறை அவர் எழுதும் எண்ணில் அக்கறை இருக்கும்.

ரகசியம் காப்பது அடுத்த பொறுப்பு. ஒமாஹா முறையின் 42-இல் வன்முறைக்கு ஆளாதல், மது, பாலியல் நலம் எல்லாம் உண்டு. நகரத்தில் பெயரை நீக்கிவிட்டால் ஆள் மறைந்துவிடுவார். முந்நூறு வீட்டுக் கிராமத்தில் 'காசநோய், கைம்பெண், இரண்டு குழந்தைகள்' என்றாலே யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு வேலிதான்; கதவைச் சாத்த வேண்டியவர்கள் நாம். சிறு எண்ணிக்கைகளை வெளியிடக் கூடாது. எழுதுவதற்கு முன் அந்த வீட்டாரிடம், எதற்காக எழுதுகிறோம், யார் பார்ப்பார்கள் என்று அவர்கள் மொழியில் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். அவர்கள் நம்மை நம்பிச் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கை போனால் தரவும் போய்விடும்.

எங்கே தொடங்குவது? செவிலியர் கல்லூரிகளிலேயே தொடங்கலாம் என்பேன். சமுதாயச் செவிலியப் பாடத்துக்காக ஒவ்வொரு மாணவியும் கிராமத்துக்குப் போய்க் குடும்பங்களைத் தத்தெடுத்து, குடும்பக் கோப்பு எழுதுகிறாள். படம் வரைந்து, வண்ணத் தாள் ஒட்டி, கண் விழித்து எழுதுகிறாள். மதிப்பெண் போட்டதும் அது அலமாரிக்குப் போகிறது. சில ஆண்டுகளில் பழைய பேப்பர் கடைக்கும் போகிறது. அடுத்த ஆண்டு மாணவி அதே வீட்டுக்குப் போய், அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்கிறாள். அந்த வீட்டார் எத்தனை முறை பதில் சொல்வார்கள்? தமிழ்நாட்டுக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் ஆண்டுதோறும் இப்படி வீணாகும் கோப்புகளை நினைத்தால் மனம் தாங்கவில்லை.

பேராசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது. உங்கள் களப்பகுதியில் ஒரே ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 42 பிரச்சினைகளையும் அந்த மக்கள் பேசும் தமிழில், எடுத்துக்காட்டுகளோடு ஒரு சிறு கையேடாக்குங்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு மாணவியரை அனுப்பி, தனித்தனியே மதிப்பெண் போடச் சொல்லி, இருவர் எண்ணும் ஒத்துவரும் வரை பயிற்சி கொடுங்கள். இந்த ஆண்டு மாணவியர் எழுதியதை அடுத்த ஆண்டு மாணவியர் தொடரட்டும். அந்த ஊர்க் கிராம சுகாதார செவிலியரை ஆய்வின் பங்காளியாகச் சேர்த்து, கட்டுரையில் அவர் பெயரையும் போடுங்கள். முடிவுகளைக் கிராம சபையில் படியுங்கள். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. காப்புரிமைத் தொகையும் இல்லை. வரும் கல்வியாண்டின் களப்பணி தொடங்குவதற்கு முன் அந்தக் கையேட்டின் முதல் படியைத் தயாரித்துவிடுங்கள். படித்துத் திருத்திக் கொடுக்க நான் இருக்கிறேன்.